செல்லி ஊதிய நெருப்பு

"பூனைதான். கொட்டகையில பூனை எதையோ உருட்டியிருக்கும்," என்றான் மல்லையன்.

அவன் பெண்சாதி ராமக்கா ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டு அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேறு பார்க்க வந்திருந்த அவளுடைய அக்கா சின்னக்காதான் தலையைத் தூக்கினாள்.

"இங்க யாரு கேட்டா? இந்த மழையில இடி விழுந்தாலே கேக்கல. உனக்குப் பூனை உருட்டறது கேக்குதா மாப்ளே?"

மல்லையன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் எப்போதும் அப்படித்தான். பேசு என்றால் பேசமாட்டான். யாரும் கேட்காததற்குப் பதில் சொல்வான். காட்டில் சாமை அறுக்கும்போதும், மலை இறங்கிச் சந்தைக்குப் போகும்போதும், பின்னால் யாரோ எதையோ கேட்டதுபோல நின்று, "இதோ வந்துடறேன்" என்பான். வத்தல்மலையில் எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது. "பாவம், செல்லி போனதிலிருந்து இப்படி" என்று விட்டுவிடுவார்கள்.

அது உலகச் சண்டை நடந்த காலம். ஐப்பசி மழை பிடித்தது விடவேயில்லை. மாதம் நிறையாமல் பிறந்த பெண் பிள்ளை, ஒரு சுரைப்பிஞ்சு அளவுதான் இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. பூனைக்குட்டி மாதிரி வாயைத் திறக்கும், சத்தம் வராது.

"சூடு கொறையக் கூடாது. இன்னும் வவுத்துலதான் இருக்குதுன்னு நெனச்சுக்க," என்று சின்னக்கா சொல்லியிருந்தாள். கூடையில் இலவம்பஞ்சு பரப்பி, பிள்ளையைப் படுக்கவைத்து, உடைந்த பானை ஓட்டில் கங்கு அள்ளி இரண்டு பக்கமும் வைத்தார்கள். கங்கு கறுக்கக் கறுக்க மல்லையன் மாற்றிக்கொண்டே இருந்தான். அடுப்பைவிட்டு அவன் நகரவேயில்லை.

அவன் மனசு கொட்டகையில் இருந்தது.

செல்லி அவனுடைய முதல் பெண்சாதி. அவளும் இப்படி ஒரு மழையில்தான் பிள்ளை பெற்றாள். அன்று மல்லையன் கடுக்காய் மூட்டையோடு தர்மபுரிச் சந்தைக்கு இறங்கியிருந்தான். திரும்பும்போது ஓடை பொங்கி வழியை அடைத்துக்கொண்டது. அக்கரையில் உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருந்து, அவன் வீடு வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். ஜன்னி கண்ட செல்லி ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி அடுப்போரம் சாய்ந்து கிடந்தாள். பிள்ளை போனதை அவளிடம் சொன்னார்கள். அவள் காதில் ஏறவில்லை. "புள்ளைக்குக் குளிருது" என்று சொல்லிச் சொல்லி ஊதினாள். அவன் முகத்தைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள். அன்றைக்கே அவளும் போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் பழைய நெருப்பை வைத்திருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அடுப்பை அணைத்து, சாம்பலை எல்லையில் கொட்டி, மெழுகி, காளி கோயிலிலிருந்து புது நெருப்புக் கொண்டுவர வேண்டும். பிள்ளை பெற்றுச் செத்தவள் என்றால் இன்னும் கண்டிப்பு. அவள் ஊதிய நெருப்பு இருக்கிறவரை அவள் வீட்டைவிட்டுப் போகமாட்டாள், அடுத்துப் பிறக்கிற பிள்ளையைக் கேட்பாள் என்பார்கள்.

மல்லையனுக்கு அது தெரியும். தெரிந்துதான், சாம்பலை வழிப்பதற்கு முன்னால் ஒரு கங்கை எடுத்து, உமி நிறைத்த பானையில் புதைத்துக் கொட்டகை மூலையில் வைத்தான். அவள் மூச்சு பட்ட நெருப்பு. அதை அணைக்கக் கை வரவில்லை. மறுபடி கல்யாணம் ஆனது, ராமக்கா வந்தாள். மாட்டுக்குப் போடும்போது பானைக்கும் ஒரு பிடி உமி, ஒரு துண்டு வரட்டி போடுவது மட்டும் நிற்கவில்லை. குனிந்து போடும்போது சில நாள் பானைக்குள்ளிருந்து சத்தம் வரும். ஊதுகுழலில் ஒருத்தி மெல்ல ஊதுகிற சத்தம்.

ராமக்கா கர்ப்பமானதும் இரண்டு முறை பானையை எல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு முறையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

பூனைதான் என்று அவன் சொன்ன அன்று உச்சிப்பொழுதில் காற்று சுழன்று அடித்தது. அடுப்புக்கு மேலே கூரைப்புல் சரிந்து, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அடுப்பில் விழுந்தது. ஒரு புகை எழுந்து அடங்கியது. அவ்வளவுதான்.

"ஓட்டுல இருக்கற கங்கைப் பாரு!" என்று சின்னக்கா கத்தினாள். அதுவும் நனைந்து கறுத்துவிட்டது. சண்டையால் தீப்பெட்டி கிடைப்பதே அரிது. மாடத்தில் இருந்த ஒன்றும் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. மல்லையன் சக்கிமுக்கிக் கல்லை உரசி உரசிப் பார்த்தான். பொறி வந்தது, பஞ்சு பிடிக்கவில்லை.

வேலியோரம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மாதுவைக் கூப்பிட்டான்.

மாது கதவை ஒருக்களித்து முகத்தை மட்டும் காட்டினான். "மல்லையா, நீ கேக்கப்போறது தெரியுது. கேக்காதே. பொறந்த தீட்டு இருக்கற வூட்டுக்கு நெருப்பு குடுத்து நான் ஊர்ல இருக்கமுடியாது. இல்லேன்னு சொல்ற பாவத்தை எனக்கு வெக்காதே."

மல்லையன் கேட்கவில்லை. மழையில் அப்படியே நின்றான். பிறகு கொட்டகைக்குப் போனான்.

பானையைச் சாக்கால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தபோது, சின்னக்கா குறுக்கே நின்றாள்.

"ஏது நெருப்பு? எவன் குடுத்தான்?"

"எவனும் குடுக்கல. நம்மளுதுதான்."

"நம்மளுதுதான் அணைஞ்சு கெடக்குதே."

"கொட்டகையில வெச்சிருந்தேன் அக்கா. செல்லியோடது."

சின்னக்கா சுவரில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவி நிலைப்படியில் குறுக்கே போட்டாள். இரும்பைத் தாண்டி அந்த மாதிரிப் பேய் வராது என்று நம்பிக்கை.

"அட பாவி! சோறு போட்டு வளர்த்திருக்கியா அவளை? இந்தா புள்ள, எடுத்துக்கோன்னு கையைப் பிடிச்சுக் கூட்டியாரியா? வெளியே கொண்டு போ!"

அவள் சொன்னதற்குத்தான் மல்லையனும் பயந்துகொண்டிருந்தான். உள்ளே எடுத்துப் போனால் செல்லி பிள்ளையைக் கேட்பாள். போகாவிட்டால் குளிர் கேட்கும். அவன் ராமக்காவைப் பார்த்தான்.

ராமக்கா பிள்ளையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். நாவல்பழத் தோல் மாதிரி நீலம் ஏறியிருந்தது.

"மாமா, அந்தக்கா கடைசியா என்ன சொன்னாங்க?"

"புள்ளைக்குக் குளிருதுன்னா."

ராமக்கா பிள்ளையோடு எழுந்து வந்தாள். காலால் அரிவாளைச் சுவரோரம் தள்ளினாள்.

"அப்ப அவங்களுக்குத் தெரியும். உள்ளே கொண்டாங்க."

உமியைக் கிளறியபோது அடியில் சிவப்பு இருந்தது. விறகு எல்லாம் நனைந்து கிடந்ததால், சாமை கொட்டிவைக்கும் மூங்கில் தொம்பையைப் பிளந்து போட்டான். மண்வெட்டிப் பிடியைப் போட்டான். சின்னக்கா அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, வாய் ஓயாமல் காளியைக் கூப்பிட்டாள். ஆனாலும் கங்கு தேவைப்பட்ட போதெல்லாம் ஓட்டை முதலில் நீட்டியது அவள் கைதான்.

ஊதி ஊதி மல்லையனுக்குக் கண் இருட்டியது. ஒரு தடவை மூச்சு வாங்கத் தலையை நிமிர்த்தினான். அவன் ஊதாத பக்கம், எதிர்ப்பக்கம், சாம்பல் விலகிக் கங்கு தானாகச் சிவந்தது. மங்கியது. மறுபடி சிவந்தது, மூச்சு விட்டு மூச்சு எடுப்பதுபோல. அங்கே யாரும் உட்காரவில்லை. ஆனால் மூன்று பேருமே அந்த இடத்தை விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"காத்து," என்றாள் சின்னக்கா, குரல் எழும்பாமல்.

ராமக்கா பிள்ளையின் கூடையை எடுத்து, யாரும் இல்லாத அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். மல்லையன் அவள் கையைப் பிடிக்கப் போனான். பிடிக்கவில்லை. கூடையில் வைத்த கண்ணை மட்டும் எடுக்கவில்லை. இருட்டு வந்தது, போனது. பிள்ளையின் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் செல்லி எடுத்துக்கொண்டாளோ என்று இருந்தது.

விடிந்ததும் மழை தூறலானது. பிள்ளை முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதது. மார்பைக் கவ்வி, இழுத்து, புரையேறக் குடித்தது. ராமக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

சின்னக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்க் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"சரி மாப்ளே, புள்ள பொழச்சுது. தீட்டு கழியறவரைக்கும் இது எரியட்டும். கழிஞ்ச அன்னிக்குக் கோயில் நெருப்பு கொண்டாந்துட்டு, இதை எல்லையில கொட்டி, 'போயிடு'ன்னு உன் வாயால சொல்லிட்டு வந்துடு. நீ சொன்னாத்தான் போவா."

மல்லையன் அடுப்பில் ஒரு பிடி உமியைத் தூவினான். எதிர்ப்பக்கம் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான்.

"குளிர்ல கெடந்தவ அக்கா அவ. அவளா எழுந்து போனாப் போவட்டும். நான் போன்னு சொல்லமாட்டேன்," என்றான்.