ரோஸ் கலரில் ஒழுகிய மொட்டைமாடி

முதல் சொட்டு மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ரோஸ் கலர் சொட்டு. அவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

அப்போது நான் அவருக்கு நேர் மேலே மொட்டைமாடியில் உட்கார்ந்து, வேலை சுத்தமாக அமைந்துவிட்டது என்று பீடி குடித்துக்கொண்டிருந்தேன்.

1. பன்னிரண்டு ஓட்டை

திருப்பூர் அவிநாசி ரோட்டில் மாதத்துக்கு ஒரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். செல்போனில் கேமரா வராத காலமும்தான். இல்லாவிட்டால் அந்தச் சட்டையை இன்னும் யாராவது காட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் சாத்தூர்ப் பக்கம். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. தீப்பெட்டி ஆபீஸ், ஓட்டல், போர்வெல் வண்டி, சோமனூரில் தறி என்று சுற்றிவிட்டு, காண்டிராக்டர் பொன்னுசாமி அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். படுக்கை அவருடைய குடோனில், சிமெண்ட் மூட்டைகளோடு. அங்கே எலி அதிகம் என்பதால் பையை வேலைக்கும் கொண்டுபோய்விடுவேன். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு. போ என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். பல ஊர்களில் சொல்லியிருக்கிறார்கள்.

வேலை இதுதான். மொட்டைமாடி கான்கிரீட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, காற்றுக்குச் சுற்றும் டர்போ வென்டிலேட்டரை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சூடு அது வழியாக வெளியேறும். ஓட்டை யாரும் போடலாம். அந்த ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்காமல் செய்வதுதான் வேலை. ஓட்டையைச் சுற்றி அரையடி உயரத்துக்குக் குட்டைச் சுவராகக் கட்டை கட்டுவோம். டிராயிங்கில் அதற்குப் பெயர் கர்ப். கர்ப்பும் தளமும் சேரும் மூலையில் கலவையைச் சரிவாகப் பூசி, கெமிக்கல் ஒரு கோட், மேலே ஃபைபர் வலை, மறுபடி ஒரு கோட். காய்ந்ததும் சுற்றிலும் பாத்தி கட்டி நாலு இஞ்ச் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுவிடுவோம். கீழே ஈரம் இல்லை என்றால் பாஸ்.

மொத்தம் பன்னிரண்டு ஓட்டை. கீழே செக்கிங், பேக்கிங் செக்‌ஷன். மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மொத ஓட்டை சாம்பிளுங்க. அது ஒழுகலைன்னா மிச்சம் பதினொண்ணு உங்களுக்கு. ஒழுகுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

இன்னொன்றும் சொன்னார். "தண்ணி நிறுத்துறப்ப ஓட்டையத் தொறந்து போட்டுறாதீங்க. புறா எறங்கி சீலிங்குல குடித்தனம் வெச்சுரும். எக்ஸ்போர்ட் பீஸ் மேல எச்சம் போட்டா, பையர் அத டிசைன்னு நெனைக்க மாட்டான்."

ஓட்டைக்குக் கீழே தெர்மாகோல் சீலிங், அதில் காற்றுப் போக ஒரு கம்பிவலை ஜாலி. கீழே நிற்பவர்களுக்கு ஜாலிதான் தெரியும், ஓட்டை தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையை நான் அடைத்தேன். எதைக் கொண்டு என்று திருப்பூர்க்காரர்கள் கேட்கவே மாட்டார்கள். பனியன் வேஸ்ட், வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டுகள். கை துடைக்க, வண்டி துடைக்க, தலையணைக்குள் திணிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டிங் செக்‌ஷனில் ஒரு மூட்டை அள்ளி வந்து திணித்தேன். மிச்சம் இருந்த நீள நீளத் துண்டுகள் கர்ப்பைத் தாண்டி வெளியே தொங்கின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

2. ரெட் ஆக்சைடு

மறுநாள் காலையில் மேனேஜர் சட்டை ரோஸ் ஆனது.

படியில் அண்ணன் ஏறிவரும் சத்தம் கேட்டதும், எப்போதும் போல இடத்தைச் சுத்தம் செய்தேன். அண்ணனுக்கு சைட் கிளீனாக இருக்க வேண்டும். வேஸ்டைப் பிடுங்கினேன். சொதசொதவென்று இருந்தது. முனை தண்ணீரில் பட்டிருக்கும் என்று பிழிந்து டேங்க் பைப்பில் காயப்போட்டேன்.

அண்ணன் கர்ப்பைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். குனிந்து மோந்து பார்த்தார். பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"என்னங்க இது, ரோஸ் கலர்ல ஒழுகுது?"

"கம்பிக்குத் துருப் புடிக்காம ரெட் ஆக்சைடு அடிச்சிருப்பாங்க சார். அது கரைஞ்சு எறங்குது" என்றார் அண்ணன், பத்து வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவர் போல.

மேனேஜர் இன்னொரு தடவைக்கு ஒத்துக்கொண்டார். அவர் இறங்கிப் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"மாடசாமி, அடுத்த தடவை ஒழுகுச்சுன்னா பைய எடுத்துட்டுக் கெளம்பிக்கப்பா. கோவத்துல சொல்லலை. பதினோரு ஓட்டை போச்சுன்னா எனக்கே வேலை இல்லை, உன்னை வெச்சு நான் என்ன பண்ண?"

வழக்கமாக இந்த இடத்தில் நானே கிளம்பிவிடுவேன். ஆனால் வெயிலில் மூன்று நாள் முட்டி போட்டுப் பூசிய கர்ப் அது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் போக மனம் வரவில்லை.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்தேன். மூலைக்கு இரண்டு பங்கு கலவை, கெமிக்கல் மூன்று கோட், வலை இரட்டை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். அக்கறை கூடிப்போனதால், வேஸ்டும் இரண்டு மூட்டை திணித்தேன்.

3. பாசி

இந்த முறை பச்சை. சொட்டும் பெரிது.

வேஸ்டை அவசரமாகப் பிடுங்கிப் பைப்பில் போட்டேன். மூன்று பேர் ஏறி வந்தார்கள். அண்ணன், மேனேஜர், செக்கிங் சூப்பர்வைசர் சரஸ்வதி அக்கா. அக்கா கையில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு, அதில் பச்சைக் கறை.

அண்ணன் முந்திக்கொண்டார். "பாசிங்க சார்."

"ஒரே நாள்லயா?"

"நல்ல தண்ணி நின்னா வேகமா புடிக்கும் சார்."

சரஸ்வதி அக்கா பாசியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அண்ணனிடம் கேட்டார். "ஏனுங்கண்ணா, போன தடவ ஒழுகுனப்ப என்ன கலருங்க?"

"ரோஸ்" என்றார் அண்ணன்.

"அதுக்கு மொத நாள் கட்டிங்ல ரோஸ் லாட் ஓடுச்சு. நேத்து பச்சை லாட். உங்க மொட்டைமாடி எங்க கட்டிங் புரோகிராம் பாத்து ஒழுகுதுங்களா?"

அக்கா டேங்க் பைப்பில் தொங்கிய பச்சை வேஸ்டிடம் போனார். அதற்குப் பக்கத்தில் காய்ந்த ரோஸ் வேஸ்டும் இருந்தது. இரண்டையும் எடுத்துக் காட்டினார்.

"இது எங்கீங்க இருந்துச்சு?"

"ஓட்டையிலக்கா. புறா வராம இருக்க."

"வால் தண்ணியில கெடந்துச்சா?"

"லேசாப் பட்டுச்சு."

"வெளக்குத் திரி எண்ணெய எப்புடி இழுக்குமுன்னு பாத்ததில்லையா? தண்ணிய இழுத்து, செவுத்தைத் தாண்டி உள்ள ஊத்திருக்குது. கட்டை ஒழுகலைங்க. தம்பிதான் ஒழுக வெச்சிருக்காப்ல."

பழுதான பீஸில் ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் அக்கா சுடிதார் ஷாலில் எப்போதும் நாலைந்து இருக்கும். ஒன்றை உரித்து என் சட்டையில் ஒட்டினார்.

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். "சார், தண்ணி பட்டாலே கலர் போகுது பாருங்க. ரோஸ் லாட்டு ரிஜெக்டுன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். பரவால்லன்னு சொல்லிட்டீங்க."

"அந்த லாட் இப்ப எங்க?"

"பேக்கிங்ல. வண்டி வந்துருச்சு."

மேனேஜர் இறங்கி ஓடிய மாதிரி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. செருப்பில் ஒன்று மொட்டைமாடியிலேயே கிடந்தது.

4. பை

அண்ணன் மேனேஜரின் செருப்பை எடுத்துப் படியோரம் வைத்தார்.

"மாடசாமி, பைய எடுப்பா."

எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"உள்ள இருக்கறத வெளிய வை."

சட்டை, லுங்கி, தட்டு எல்லாவற்றையும் தரையில் வைத்தேன்.

"அந்த வேஸ்ட் பூராத்தையும் அதுல அடை. கட்டிங்ல குடுத்துட்டு, வர்றப்ப ஒரு தகரம் வாங்கிட்டு வா. மூணாவது தடவ தண்ணி நிறுத்தணும்."

தகரத்தால் மூடினோம். ஒரு சொட்டு வரவில்லை. மூன்று கோட் கெமிக்கலும் இரட்டை வலையும் போட்ட கர்ப்பில் எப்படி வரும்? பதினோரு ஓட்டையும் கிடைத்தது. அண்ணனிடம் நாலு வருடம் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கேயும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. பை மட்டும் கடைசி வரைக்கும் பச்சையாகவே இருந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒழுகினால் பூச்சைக் கொத்துவதற்கு முன், நீங்கள் அங்கே என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். பெரியவர்கள் வரும்போது அதை எடுத்துவிடாதீர்கள். சைட் கிளீனாக இருந்ததால்தான் எங்களுக்கு ஒரு வாரம் போனது.

அன்றைக்கு அந்த அம்புக்குறி ஸ்டிக்கரை உரிக்க மறந்து, அதோடேயே பஸ் ஏறிவிட்டேன். புது பஸ் ஸ்டாண்ட் வரை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டை நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.