லோர்னாவின் வெடித்த பட்டை

லோர்னா தேர்ந்து கொடுத்த பூட்ஸைப் போட்டால் நிலாவுக்கே ஏறிச் சறுக்கி இறங்கலாம். பனிச்சறுக்குப் பலகையை இரண்டாகப் பிரித்து மலையேறி, ஒன்றாகப் பூட்டிப் பனியில் இறங்குகிற எங்கள் சில்வர்ட்டன் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவள் கடைக்குத்தான் வருவார்கள். பூட்ஸோடு மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கச் சொல்வாள்.

"குதிகால் உள்ளே தூக்குதே, மலையில கொப்புளமாயிடும். இது வேணாம், வேற பார்க்கலாம்."

ஊருக்கே பார்க்கிறவள் தன் பலகையைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பலகையோடு இறுக்கும் பட்டை வெடித்திருந்தது. நாளை கணவாய்க்கு ஏறுகிறாள். வழியில் அறுந்தால் இடுப்பளவு பனியில் நடந்துதான் திரும்ப வேண்டும். நான் சொன்னால் எதையும் குறும்பென்றுதான் நினைப்பாள். கடையில் அவள் காப்பி போடப் போனபோது என் பலகையின் புதுப் பட்டையைக் கழற்றி அவள் பலகையில் மாட்டி, வெடித்ததை என்னுடையதில் மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"என் பட்டை எங்கடா?"

"திருடிட்டேன். சும்மா, விளையாட்டுக்கு."

"எந்தத் திருடன்டா புதுசை வச்சிட்டுப் பழசைத் தூக்கிட்டுப் போவான்?"