அஷ்டமியில் வைத்த பத்திரிகை

வல்லத்திராக்கோட்டையிலேருந்து புதுக்கோட்டை போற பஸ்ல ரெண்டு டீச்சர்மார் பேசிக்கிட்டு வந்தது என் காதுல விழுந்துச்சு. அவங்க ஸ்கூல் கணக்கு மிஸ் புருசனோட துபாய் போறாங்களாம். ஜூனுக்கு ஆள் வேணுமாம். ஆனா விளம்பரமெல்லாம் போட மாட்டாங்களாம், தெரிஞ்ச வழியிலதான் எடுப்பாங்களாம். முன் சீட்டுல இருந்த நான் காதைத் தீட்டிக்கிட்டேன். நானும் கணக்குல பி.எட். முடிச்சவதான்.

எனக்கு அந்த வேலை கெடைச்சே ஆகணும். எங்க வீட்டுக்காரரு தவறி ரெண்டு வருசமாச்சு. ஜூனுக்குள்ள வேலை அமையலேன்னா மகளைக் கூட்டிக்கிட்டு மணமேல்குடிக்கு வந்துருன்னு அண்ணன் சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா அண்ணி அடுப்படியில, ஒவ்வொரு வாய் சோத்துக்கும் மொகம் பாத்துக்கிட்டு காலம்பூரா கெடக்க என்னால ஆகாது.

பயோடேட்டாவோட மூணு தடவை அந்த ஸ்கூல் கேட்டுக்குப் போனேன். மூணு தடவையும் வாட்ச்மேன், "வேகன்சி இல்லம்மா, இருந்தா பேப்பர்ல வரும், கெளம்புங்க"ன்னு அனுப்பிட்டாரு. தாளாளர் வீடும் அதே காம்பவுண்டுக்குள்ளதான். அந்தக் கேட்டைத் தாண்ட வழியே இல்ல.

நாலாவது தடவைதான் ஒரு தில்லுமுல்லு பண்ணுனேன். பீரோவுக்கு அடியில என் கல்யாணப் பத்திரிகைக் கவரு மிச்சம் கெடந்துச்சு. ஒண்ணை எடுத்து உள்ள பயோடேட்டாவை மடிச்சு வச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தட்டுல வெத்தலை பாக்கு பழத்தோட எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். பத்திரிகை வைக்க வந்தவங்களை எவன் தடுப்பான்? வாட்ச்மேன் தட்டைப் பாத்தாரே ஒழிய மொகத்தைப் பாக்கல. "உள்ள போங்கம்மா, அய்யா வீட்லதான் இருக்காங்க"ன்னு கேட்டைத் தொறந்து விட்டாரு. அடப்பாவி!

உள்ள போனதும் தைரியமெல்லாம் ஓடிப்போச்சு. தாளாளர் சட்டையை மாட்டிக்கிட்டு எழுந்து நின்னாரு. சம்சாரத்தையும் பக்கத்துல கூப்புட்டாரு. தட்டை நீட்டுனேன். தம்பதியா நின்னு ரெண்டு கையாலயும் வாங்குனாங்க. ஸ்கூல்ல படிக்கிற யாரோ ஒரு பிள்ளையோட அம்மான்னு நெனைச்சிருப்பாங்க, யாருன்னு கேக்கல.

அந்தம்மா கவரைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. "ஏம்மா, இன்னைக்கு அஷ்டமியாச்சே. அஷ்டமியில போயி பத்திரிகை வைக்க வந்துருக்கீங்க?"

செத்தேன்னு நெனைச்சேன். காலண்டரைப் பாக்கணும்னு இந்த மரமண்டைக்குத் தோணவே இல்ல. "தெரியாம வந்துட்டேம்மா"ன்னேன், அது ஒண்ணுதான் நெசம். "சரி விடுங்க, சாமிகிட்ட வச்சுட்டு நவமி கழிச்சுப் பிரிச்சுக்கிறோம்"னு பிரிக்காமலே பூஜை ரூமுக்குக் கொண்டு போனாங்க. இப்பவே சொல்லிருடீன்னு மனசு அடிச்சுக்குது, நான் வாசப்பக்கம் நகந்துட்டேன்.

திரும்பி வரையில அந்தம்மா கையில குங்குமச் சிமிழ். நான் வச்சிருந்த சின்ன ஸ்டிக்கர் பொட்டைப் பாத்து சுமங்கலின்னு நெனைச்சுட்டாங்க. பயோடேட்டாவுல கணவர் காலமானார்னு என் கையாலயே எழுதியிருக்கேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. எடுத்து வச்சுக்கிட்டேன்.

ரெண்டு நாளும் சோறு எறங்கல. போன் அடிச்சா பயம், அடிக்கலேன்னாலும் பயம். போலீஸ்ல குடுத்துருவாங்களோன்னுகூட நெனைச்சேன். மகள் "அம்மா, காய்ச்சலா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. மூணாம் நாள் காலையில தாளாளரே பேசினாரு. "வீட்டுக்கு வாங்க." அவ்வளவுதான், போனை வச்சுட்டாரு.

போனேன். மேசையில அந்தக் கவரு கெடந்துச்சு. உக்காரச் சொல்லல.

"பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லப் போறவங்க நீங்க. பொய் சொல்லலாமா?"

அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. "நெசத்தைச் சொல்லி மூணு தடவை ஒங்க கேட்டுல நின்னேன் சார். மூணு தடவையும் வெளிய அனுப்பிட்டாங்க"ன்னேன். சொன்ன பெறகுதான், அய்யோ, இப்படிப் பேசிட்டோமேன்னு இருந்துச்சு.

அவரு கவருக்குள்ள இருந்த பயோடேட்டாவை எடுத்து இன்னொரு தடவை படிச்சாரு. "எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்க. சரியா இருந்தா ஜூன் ஒண்ணாந்தேதி வாங்க. இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் வேண்டாம்"னாரு. பக்கத்துல ஸ்கூலுக்குப் போயி எடுத்துக் காட்டுனேன், கரும்பலகையில கோடு கோணலாத்தான் வந்துச்சு. ஆனா வரச் சொல்லிட்டாரு.

திரும்ப வீட்டுல வந்து சொல்லிட்டுக் கெளம்பையில அந்தம்மா உள்ளேருந்து வந்தாங்க. வீட்டுக்கு வந்த பொம்பளைக்குக் குடுக்குற பழக்கத்துல கையில சிமிழ். என் மொகத்தைப் பாத்ததும் பாதியிலயே நின்னுட்டாங்க. அவங்களும் அந்த பயோடேட்டாவைப் படிச்சிருப்பாங்க. நீட்டவும் இல்ல, மறைக்கவும் இல்ல. எனக்கு அந்தக் கேட்டுல நின்னதைவிட இப்பத்தான் பயமா இருந்துச்சு.

நானே கையை நீட்டுனேன். அந்தம்மா ஒரு நிமிசம் என்னைப் பாத்தாங்க. அப்பறம் சிமிழைத் தொறந்தாங்க.