விநாயகமூர்த்தி சுவரில் ஒட்டிய கடதாசி

விநாயகமூர்த்தி ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறை இருட்டாகிவிடும். கை தானாகவே சுவிச்சுக்குப் போகும். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பசனை வைக்கிற மண்டபத்தில், சனம் இன்னும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே லைற்றை நிற்பாட்டிவிடுவார்.

"மூர்த்தி, பிள்ளையார் இன்னும் உள்ளைதான் இருக்கிறார். அவருக்கெண்டாலும் ஒண்டை விடும்" என்று என் கணவர் இராசரத்தினம் பகிடி பண்ணுவார். இனி அவரை நான் இவர் என்றே எழுதுகிறேன், அதுதான் எனக்குப் பழக்கம். மூர்த்தியும் சேர்ந்து சிரிப்பார். 

மூர்த்தி எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்தவர். வெக்ஸ்போர்ட்டில் மேல் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், கீழே நிலத்தடிப் பேஸ்மன்றில் அவர் இருந்தார். பகலில் வீடுகள் துப்புரவாக்குகிற ஒரு கொம்பனியில் வேலை. அடுத்த பங்குனியில் மனைவி யோகராணியும் வந்து சேர்ந்தா. இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. எப்போது கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மூர்த்தி கடதாசிக்குப் பயந்த மனிதர். காரணம் இருந்தது. ஊரில் ஒருமுறை, வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி வாசல் கதவில் தொங்கவிட வேண்டும் என்று ஆமிக்காரர் கடதாசி கொடுத்தார்களாம். அவருடைய தமையன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு வந்து நின்ற மச்சானின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் ஆட்களை எண்ணிப் பார்த்து, தமையனையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பி வரவில்லை. இதை மூர்த்தி ஒரே ஒருமுறைதான் எனக்குச் சொன்னார், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டு, குனிந்தபடி.

எண்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒரு கடதாசி வந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலருடைய படம், கம்பளிச் சட்டையோடு. மேலே மாநகர முத்திரை. மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள், இரவில் சூட்டைப் பதினேழுக்குக் குறையுங்கள், ஓர் அறைக்கு ஒரு லைற் போதும், யன்னல் இடுக்குகளைப் பிளாஸ்ரிக்கால் மூடுங்கள், எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக இதைச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. நாங்கள் அதைப் பழைய பேப்பர்களோடு போட்டுவிட்டோம். மூர்த்தி தன்னுடையதை எடுத்துக்கொண்டு மேலே வந்து இவரை வாசித்துச் சொல்லச் சொன்னார். இவர் வாசித்துவிட்டு, இது கேட்டுக்கொள்கிறதுதான், கட்டளை இல்லை என்று விளங்கப்படுத்தினார்.

"சீல் குத்தியிருக்குதே, அண்ணை" என்றார் மூர்த்தி.

"உது எல்லாருக்கும் வாறது, ஐசே."

"எல்லாருக்கும் வந்தால் எல்லாரும் செய்ய வேணும்தானே. நாளைக்கு அகதிக் கேசிலை, கரண்ட் பில்லைக் கொண்டா எண்டு கேட்டால்?"

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூர்த்தி கீழே போய் அந்தக் கடதாசியைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். சுவரோரம் இருந்த கரண்ட் ஹீற்றரின் திருகியைக் குறைத்தார். பேஸ்மன்ற் யன்னல்கள் இரண்டுக்கும் பிளாஸ்ரிக் அடித்து, சுற்றிவர இரண்டு சுற்று ரேப் நாடா ஒட்டினார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். காற்று ஒரு நூல் அளவும் வராது.

மார்கழியில்தான் வேறொரு வீட்டு வேலை வந்தது. கொம்பனி அவரைக் கிழமைக்கு இரண்டு நாள் மில்லிக்கன் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு அனுப்பியது. முதல் நாளே சுவரில் இருந்த படங்களைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுவிட்டார். கடதாசியில் கம்பளிச் சட்டை போட்டிருந்த அதே மனிதர். வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரிந்தாராம்.

அன்று பின்னேரம் என் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பட்டப்பகலில் பதினாலு அறையிலும் லைற். குளிக்கிற அறை யன்னல் திறந்து கிடக்க அதன் கீழே ஹீற்றர் கொதிக்கிறது. வெளியே மரத்துக்கு மரம் நத்தார் பண்டிகைப் பல்ப்புகள், மத்தியானத்திலும் எரிகின்றன. கார் விடுகிற பாதைக்குக் கீழே கம்பி ஓடுகிறதாம், அதில் விழுகிற பனி விழுந்தவுடன் கரைகிறதாம். "அக்கா, சுத்திவரப் பனி முழங்காலளவு. அவரின்ரை பாதை மட்டும் எங்கடை ஊர் றோட்டு மாதிரி ஆவி பறக்குது" என்றார்.

அப்படியென்றால் நீரும் திருகியைக் கூட்டும் என்றேன். யோகராணிக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். கீழே போனால் எனக்கே கால் விறைத்தது.

மூர்த்தி தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "அவர் பெரியவர் அக்கா. அவருக்கு வேறை கடதாசி வந்திருக்கும். எங்களுக்கு வந்தது எங்களுக்கு" என்றார். கோப்பையைக் கழுவி வைத்தார். போகும்போது என் குசினி லைற்றை நிற்பாட்டிவிட்டுப் போனார், நான் உள்ளே நிற்கும்போதே.

தை மாதம் பெண்பிள்ளை பிறந்தது. ஆசுபத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும். முப்பத்தோராம் நாள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும்வரை குளிர் படக்கூடாது, கட்டிலடியில் தணல் சட்டி வைக்க வேண்டும். எங்கள் எல்லாருடைய தாய்மாரும் அப்படித்தான் செய்தார்கள். இதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னது நான். கோடையில் இறைச்சி சுட வாங்கி மிஞ்சின கரி எங்கள் கராஜில் அரை மூட்டை கிடந்தது. எடுத்துக் கொடுத்ததும் நான். மூர்த்திக்குப் பெரிய நிம்மதி. கரண்ட் பாவிக்காமல் பிள்ளைக்குச் சூடு கொடுக்கலாம், கடதாசியும் மீறப்படாது.

அதையும் அவர் ஒழுங்காகத்தான் செய்தார். கொல்லைப்புறத்துப் பனியில் பழைய இரும்புச் சட்டியை வைத்துக் கரியை மூட்டி, புகை முழுக்கப் போய் சிவந்த தணலான பிறகுதான் உள்ளே கொண்டுபோவார். புகை இல்லைத்தானே, பயமில்லை என்று எல்லாரும் நினைத்தோம். ஊர் வீடு மேற்கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை போகிற இடைவெளி உள்ள வீடு. அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஒரு கிழமைக்குள் யோகராணி தலையிடி என்றா. பிறகு சத்தி, சாப்பிட்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பிரசவத்து வாய்வு என்று மல்லியும் மிளகும் போட்டுச் சரக்குத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். மூர்த்திக்கும் தலையிடி. "வேலைக்குப் போனால் நிக்குது, வீட்டுக்கு வந்தால் தொடங்குது. எனக்கு வேலைதான் மருந்து போலை" என்று பகிடியாகச் சொன்னார். கடவுள் அதைவிட எப்படி எங்களுக்குச் சொல்ல முடியும்? காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

பிள்ளை அழுவதில்லை. அழாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கண்ணூறாக இருக்கும் என்று நான் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, தாயையும் பிள்ளையையும் மூன்று தரம் சுற்றி, அந்தத் தணலிலேயே போட்டேன். நெடி பெரிதாக வரவில்லை. அப்படியென்றால் கண்ணூறு கடுமை என்றுதான் சொல்லுவார்கள். அதனால் அடுத்த நாளும் போட்டேன்.

இருபதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டியது. மூர்த்தி சட்டி நிறையத் தணல் வைத்துவிட்டு மில்லிக்கனுக்கு வேலைக்குப் போயிருந்தார். இவர் வீட்டில் நின்றார். மத்தியானம் நான் பத்தியச் சோறும் சுறா வறையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் தட்டினேன். யோகராணி என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. நித்திரையாக்கும் என்று திரும்பி இரண்டு படி ஏறியும்விட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. முருகன்தான் நிற்பாட்டினான் என்று நம்புகிறேன்.

கதவைத் திறந்தேன். இருட்டு. கட்டிலடியில் தணல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. யோகராணி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிலத்தில் கிடந்தா. எழுந்து வரப் பார்த்திருக்கிறா. பிள்ளை கட்டிலில் இருந்தது. தூக்கினேன், துணி மாதிரித் தொங்கியது. இவரைக் கூப்பிட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், பிள்ளையோடு வெளியே பனிக்குள் ஓடினேன். இவர் யோகராணியை இழுத்துக்கொண்டு வந்தார். பனி பிள்ளையின் முகத்தில் விழுந்தது. நான் கந்தசட்டி விரதக்காரி, எத்தனையோ வருசமாக எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றுதான் கேட்டேன், இந்தப் பிள்ளை அழ வேண்டும் என்று.

அழவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அழவில்லை.

பிறகு தீயணைப்புக்காரர் வந்து கீழே போனார்கள். கரி எரிந்தால் மணமும் நிறமும் இல்லாத ஒரு நச்சுக் காற்று வரும், அடைத்த அறைக்குள் அது ஆளை நித்திரையாக்கிக் கொல்லும் என்று ஒருவர் இவருக்குப் பொறுமையாகச் சொன்னார். பிளாஸ்ரிக்கைக் கத்தியால் கிழித்தார்கள். ஹீற்றர் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. பின் ஏன் கரி என்று கேட்டார்கள். அதற்குள் மூர்த்தி வந்து சேர்ந்துவிட்டார். சுவரைக் காட்டினார். அந்த மனிதர் கடதாசியை மேலிருந்து கீழே வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

யோகராணி நான்கு நாளில் எழும்பினா. பிள்ளையை ஆசுபத்திரியில் ஐந்து கிழமை வைத்திருந்தார்கள். உயிர் தப்பிவிட்டது, மூளைக்கு எவ்வளவு பாதிப்பு என்று வளர வளரத்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார்.

மூர்த்தி திரும்பவும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனார். வேறு வீடு கேள் என்று நாங்கள் சொன்னோம், கேட்கவில்லை. பங்குனியில் ஒருநாள் கவுன்சிலர் காரை விட்டு இறங்கி வரும்போது, மூர்த்தி அந்த ஆவி பறக்கிற பாதையில் போய் அவர் முன்னால் நின்றாராம். இவரிடம் ஒரு கிழமையாகக் கேட்டுப் பாடமாக்கின இங்கிலிசில், நீங்கள் அனுப்பின கடதாசிப்படி எங்கள் வீட்டில் எல்லாம் செய்தோம் ஐயா என்றாராம். அடுத்த வசனம், என் பிள்ளை என்று தொடங்குகிறது. அது வாயில் வரவில்லை.

கவுன்சிலருக்கு நல்ல சந்தோசம். மூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். நல்ல மனிதராகவே இருக்கலாம். கடவுள் அவரையும் காப்பாற்றட்டும்.

இவருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. கையை உதறியிருக்க வேணும் என்றார். மூர்த்தி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சூடான கை, அண்ணை" என்றார்.

இப்போது அந்தக் கடதாசி சுவரில் இல்லை. ஆனால் எறியவும் இல்லை, கேஸ் பைலுக்குள் வைத்திருக்கிறார். ஹீற்றர் முழுக்கத் திருகியிருக்கிறது, வைகாசி வந்த பிறகும் குறைக்கவில்லை. லைற்றுகளை அவர் நிற்பாட்டுவதில்லை. பசனை முடிந்து எல்லாரும் போன பிறகும் மண்டபத்தில் லைற் எரிகிறது. அவருக்குப் பின்னால் போய் நான்தான் நிற்பாட்டுகிறேன்.

பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். சிரிக்கிறது, கொழுத்திருக்கிறது. அழுகை மட்டும் குறைவு. ஒவ்வொரு பின்னேரமும் நான் கீழே போவேன். யோகராணி அடுப்படிப் பக்கம் திரும்பி நிற்கிற நேரம் பார்த்து, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்து மெல்லக் கை தட்டுவேன். நேற்று மூன்று தரம் தட்டினேன். பிள்ளை திரும்பவில்லை. நான்காம் தரம் தட்ட எடுத்த கையைக் கும்பிட்டபடி வைத்துக்கொண்டு இருந்தேன். யோகராணி திரும்பாமலே சொன்னா:

"நானும் தட்டிப் பார்க்கிறனான், அக்கா."