அத்தைக்கு ஒரு பங்கு

காட்டுப்பன்றிகளைக் கண்ட இடத்தில் சுடலாம் என்று சர்க்கார் உத்தரவு வந்தபோது எங்கள் ஊரில் சந்தோஷப்படாத ஆள் கிடையாது. உத்தரவு போட்டது மாடுகளைக் காப்பாற்ற. ஊர் சந்தோஷப்பட்டது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு தப்பியது என்று. போனக்காட்டு மலைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி நாங்கள் நட்ட கிழங்கில் பாதியைப் பன்றிகளே தோண்டித் தின்றுகொண்டிருந்தன. அதுவரை ஒரு பன்றியைச் சுட்டால் காட்டுக் காவலருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது சர்க்காரே சுடு என்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா தன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார்.

திருவிதாங்கூரை மகாராஜா ஆண்ட காலம் அது. எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த வருஷம் மலையில் வெக்கை நோய் பரவியிருந்தது. மாட்டுக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல் கண்டு மாடு சாய்ந்துவிடும். காட்டுக்குள் காட்டெருமைப் போத்துகள் செத்துக் கிடப்பதைத் தேன் எடுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். காட்டில் இருக்கிற நோயைப் பன்றிகள்தாம் வயலுக்குக் கொண்டுவருகின்றன, அவற்றை ஒழிக்காமல் மாடு பிழைக்காது என்றார் மாட்டு டாக்டர்.

மாட்டு டாக்டர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருபவர். சைக்கிளைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவார். ஊரில் எல்லாரும் அவரைச் சாமி என்பார்கள். எந்த மாட்டின் வாயிலும் முழங்கை வரை கையை விடுவார். ஆனால் பன்றி என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் மேல்துண்டு தானாக மூக்குக்குப் போய்விடும்.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பன்றியிடம் இருக்கும் நோய் எப்படி மாட்டிடம் வரும்? இரண்டும் பேசிக்கொள்வதை நான் பார்த்ததில்லை. ஒருநாள் அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது, நோய் நடந்து வருமா என்று கேட்டேன்.

"நடந்தெல்லாம் வராதுடி குழந்தே. எதையாவது பிடிச்சுண்டு வரும். சாணி, தண்ணி, கயிறு, மனுஷா காலு, எதுவா வேணா இருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களின் காலைக் குனிந்து பார்த்தேன். கயிறுகளை முகர்ந்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நெல் மண்டியில் வேலை பார்த்த அப்பா சனிக்கிழமை வந்தபோது, செருப்பைக் கழற்றிக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று வழி மறித்தேன். தினமும் காலையில் தோட்டத்தின் கிழக்கு வேலியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்ப்பேன். அதற்கு அந்தப் பக்கம் காடு. மூங்கில் முள்ளை நெருக்கிக் கட்டிய வேலி அது. நோய் வந்தால் அந்த வழியாகத்தான் வரும், வரும்போது பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் நான்கு உழவு மாடுகள் இருந்தன. அவை பெரியப்பாவுடையவை. செவலை என்று ஒரு பசு இருந்தது. அது அத்தையுடையது. அத்தை பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் தங்கை. கல்யாணமாகிப் போன வேகத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவள். வரும்போது அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது செவலையை மட்டும்தான். தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் தனியாக ஒரு அடுப்பு போட்டுக்கொண்டாள். பால் கறந்து விற்றாள், மோர் விற்றாள். அண்ணன் சோறு என்று யாரும் சொல்லிக்காட்ட முடியாமல் அவள் நிமிர்ந்து நடந்தது அந்தப் பசுவின் தயவில்தான். அப்போது அது சினையாக வேறு இருந்தது. வெக்கை என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அத்தை அதை வெளியே மேய விடவில்லை. தானே புல்லறுத்து வந்து போட்டாள்.

மழை சற்று ஓய்ந்த ஒரு நாள், பெரியப்பாவும் ஊர்க்காரர்களும் ஒரு பெரிய ஆண் பன்றியைச் சுட்டார்கள். சுட்ட பன்றியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும், ஒரு துண்டு இறைச்சிகூட வீட்டுக்குப் போகக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் செத்துக் கிடந்த பன்றியைச் சுற்றி நின்றவர்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஆத்தங்கரை வரைக்கும் நம்மள ஓடவச்ச பன்னி இது. நோக்காடு உள்ளது இப்பிடி ஓடுமாடே?"

தலையையும் தோலையும் குடலையும் மட்டும் முறையாகப் புதைத்தார்கள், சுண்ணாம்பும் தாராளமாகவே கொட்டினார்கள். மறுநாள் டாக்டர் வந்தபோது குழியைக் காட்டினார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று, "புதைச்சாச்சோல்லியோ?" என்று கேட்டார். புதைத்தாயிற்று என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பங்கு வைத்தது சுட்ட அன்றே. எங்கள் ஊரில் வேட்டை இறைச்சியைப் பங்கு வைக்க ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒன்றாகத் தேக்கிலையில் கூறு போடுவார்கள். ஒரு குழந்தையைக் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். பெரியவர் ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, இது ஆருக்கு என்று கேட்பார். குழந்தை ஒரு வீட்டின் பெயரைச் சொல்லும். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. பெரியவர்கள் பங்கு வைத்தால் அடிதடி வரும், குழந்தையின் வாயில் வருவது கர்த்தர் சொல்வது என்று கணக்கு. அன்றைக்கு என்னை நிற்க வைத்தார்கள்.

நான் பலாமரத்தைப் பார்த்து நின்றுகொண்டு ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். ஆசாரி வீடு, வடக்கு வீடு, உபதேசியார் வீடு, எங்கள் வீடு. எல்லாம் முடிந்த பிறகு, இது ஆருக்கு என்று பெரியப்பா மறுபடியும் கேட்டார். கூறு போட்டவர் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. அத்தைக்கு என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அத்தை ஒரு வீடு அல்ல. அவளுக்கு என்று யாரும் எப்போதும் பங்கு வைத்ததில்லை, எங்கள் வீட்டுப் பங்கிலிருந்து அம்மா கொடுப்பதுதான். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் குழந்தை வாயில் வந்ததை மாற்றக் கூடாது. இலையோடு தூக்கி என் கையில் கொடுத்தார்.

சாய்ப்பில் அதை வாங்கிக்கொண்ட அத்தை, "இது எனக்குள்ள பங்கா மக்களே?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. மற்ற வீடுகளில் ஆண்கள் இறைச்சியை ஆற்றில் அலசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தைக்கு அலசித் தர ஆள் இல்லை. சட்டியிலேயே போட்டு உப்பு தேய்த்துக் கழுவினாள். அவள் எதையும் வீணாக்குகிறவள் அல்ல. உப்புத் தண்ணீர் என்றால் செவலைக்கு உயிர் என்று சொல்லி, கழுவிய நீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றித் தவிட்டையும் கலந்து வைத்தாள். செவலை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. நான் பக்கத்தில் நின்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் செவலை தீனியைத் தொடவில்லை. பிறகு கண்ணில் நீர் வடிந்தது. டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார், கையைக் கழுவினார். உழவு மாடுகள் நான்குக்கும் ஊசி போட்டார். செவலைக்கு ஊசி போட்டுப் பயனில்லை என்றார். வெளியே விடாத மாட்டுக்கு இது எப்படி வந்தது என்று அத்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன தின்றது, என்ன குடித்தது, தொட்டியில் என்ன ஊற்றினாய்? அத்தை தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலத்தான் சாமி என்றாள். யோசித்து வை, மத்தியானம் மறுபடியும் வருவேன் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனார்.

அவர் போன சிறிது நேரத்துக்கெல்லாம் செவலை இறந்துவிட்டது. வயிற்றில் கன்றோடு. அத்தை அழவில்லை, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஊர் கேட்க அழுதேன். பெரியப்பா வந்து நின்று பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள்.

"அத்தன வீட்டிலயும் அதே இறச்சியத்தான் தின்னோம். வேற எந்த மாட்டுக்கும் ஒண்ணும் இல்ல. பிள்ள இவ பேரச் சொன்னதும் இவளுக்க மாடு மட்டும் போச்சு. இந்தப் பிள்ளைக்கு கருநாக்கா இருக்குமோ?" என்றார் பெரியப்பா.

நாங்கள் வேதக்காரர்கள்தான். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்போம், திங்கட்கிழமை நம்புவோம். சொன்னால் கெட்டது பலிக்கும் கருநாக்கு என்று பெயர் விழுந்த ஒரு பெண் எங்கள் ஊரிலேயே இருந்தாள். அவள் எதிரே வந்தால் பிள்ளைகளை முந்தானையில் மறைப்பார்கள். அவளைப் பெண் கேட்டு யாரும் வரவேயில்லை. எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. என் நாக்கு கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆவலில், அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணாடி தேடி ஓடினேன். நன்றாகச் சிவப்பாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது ஆண்கள் குழி தோண்டப் போயிருந்தார்கள். அத்தையைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து முந்தானையில் கையைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கமிருந்து வந்தாள். மத்தியானம் டாக்டர் வந்தார். யோசித்துப் பார்த்தாயா என்றார். ஊரே நின்றுகொண்டிருந்தது.

"கிழக்கு வேலி ஒடிஞ்சு கெடக்கு சாமி. கொஞ்ச நாளா ராத்திரி பன்னி வந்து தொட்டியில வாய வைக்குது. நான் கண்டும் அண்ணங்கிட்ட சொல்லல்ல. எனக்க பிழைதான்" என்றாள் அத்தை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலி என் பொறுப்பு. இல்லை, இன்று காலையில்கூடப் பார்த்தேன், வேலி நன்றாக இருந்தது என்று கத்தினேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே, "நீ சரியா பாத்திருக்கமாட்ட பிள்ளே" என்றாள். எல்லாரும் போய்ப் பார்த்தோம். வேலி ஒரு மாடு நுழையும் அகலத்துக்குச் சாய்ந்துதான் கிடந்தது. பெரியப்பா அத்தையைக் கண்டபடி திட்டினார், கவனம் கெட்டவள், அதனால்தான் அழிந்தாள் என்றார். அத்தை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். என் நாக்கைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

டாக்டர் வேலியடியில் ஈரமண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பன்றிக் குளம்பு ஒன்றுகூட அங்கே பதிந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பிறகு அவர், தொட்டியை எரித்துவிடுங்கள், சமையல் தண்ணீரை இனி எந்த மாட்டுக்கும் வைக்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை நோக்கி நடந்தார்.

அந்த வேலியைப் பிடுங்கியது யார் என்று, அத்தை இறந்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தாளாம். பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டாளாம்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரார் முன்னால் அத்தை என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்பதுதான். சாயங்காலம்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே ஓர் ஊசியோடு வந்து, கையில் முள் ஏறிவிட்டது, எடுத்துத் தருகிறாயா என்று கேட்டாள். உள்ளங்கை இரண்டிலும் முள். எங்கே குத்தியது என்றேன். புல்லறுக்கப் போனேன் என்றாள். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். புல்லுக்குள் மூங்கில் முள் எப்படி வந்தது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லையாம். செவலை செத்த பிறகு யாருக்காகப் புல்லறுக்கப் போனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கோபம் அப்படியே இருந்தது. கடைசி முள்ளை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திக் கிளறி எடுத்தேன். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.