குடிபோகாத வீட்டின் வாளி

ஹைக்கூ எழுதப் பழகுவது அச்சம் மிகுந்த தொழில். நெடுங்காலம் பாடசாலையில் இலக்கணம் கற்பித்து, ஓய்வுபெற்ற பின்னர் அதில் இறங்கியவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என்னைப் போலவே மூன்று வரிகளுக்கு முன்னால் வியர்த்து நின்றவர்கள், மேலே படிக்குமுன் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஹைக்கூவில் கண்ணால் கண்டதையே எழுதலாம். காரணமும் விளக்கமும் ஆகா. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் சாய்ந்தமருதில் பெண்ணுக்குத் திருமணம் பேசினால் பெற்றோர் அவளுக்கொரு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் குடிவருவார். ஆகவே வீட்டில் குறை கண்டால் கலியாணப் பேச்சே நின்றுவிடக்கூடும். இன்னுமொன்று, இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில் மாத்திரமே உண்டு. என் மேல்மாடி யன்னலைத் திறந்தால், அயல்வீட்டு ஹாஜரா தன் மகள் ஸுஹாவுக்கென்று கட்டிய புது வீட்டின் அறை தெரியும்.

முதற் பயிற்சி

ஹைக்கூவுக்கென வாட்ஸ்அப் குழு நடத்துபவன் றிஸ்வி. இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். முன்பு என் மாணவன். அவனுடைய கட்டுரைகளைச் சிவப்பு மையால் நிறைத்தவள் நான். இப்போது என் வரிகளை அவன் திருத்தப்போகிறான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஒன்றும் குறையாமல், "ஆதலால்" என்ற சொல்லையும் சேர்த்து, கடலைப் பற்றி மூன்று நீண்ட வரிகளை அனுப்பினேன். நீலக்குறிகள் விழுந்தன. பதில் வரும்வரை தேநீர் ஆறிக்கிடந்தது.

"டீச்சர், கோவிக்கப்படாது. இது ஹைக்கூ இல்ல, கல்வித் திணைக்களத்துச் சுற்றுநிருபம்."

கண்ணால் கண்டது

மார்கழி மழை மூன்று நாளாக விடவில்லை. யன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றேன். ஸுஹாவின் புது வீட்டில், சுவருக்கு நிறம் பூசி முடித்த அறையின் நடுவே ஒரு வாளி. கூரையான கொங்கிறீட் தட்டிலிருந்து அதற்குள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுதினேன்:

மாரி மழை
குடிபோகாத வீட்டில்
நிரம்பும் வாளி

இடமும் காலமும் குறிக்கப்படாத கூற்று முழுமையற்றது என்று கற்பித்தவள் அல்லவா? ஆகவே, "இடம்: என் மேல்மாடி யன்னல். காட்சி: அயல்வீடு. நேரம்: இன்று காலை" என்று அடியில் சேர்த்தே அனுப்பினேன்.

றிஸ்வி உடனே எழுதினான்: "மாஷா அல்லாஹ்! இதுதான் டீச்சர் ஹைக்கூ. ஒரு சொல்லும் பொய்யில்ல!"

முதல் வாசகர்

அந்தப் பாராட்டில் அரை மணிநேரம் மிதந்தேன். பின்னர் ஒரு புதிய இலக்கத்திலிருந்து கேள்வி வந்தது. பெயரை இருமுறை வாசித்தேன். நஸீர் மாஸ்டர், ஸுஹாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் இந்தக் குழுவில் இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

"நல்லாரிக்கி டீச்சர். அயல்வீடு எண்டா, ஹாஜராட மகளுக்குக் கட்டின ஊடுதானே?"

அழித்தல்

கவிதையை அழித்துவிட முடிவு செய்தேன். கண்ணாடியைத் தேடுவதற்கும் பொறுமையில்லை. எல்லாரிடமிருந்தும் நீக்குவதா, என்னிடமிருந்து மட்டும் நீக்குவதா என்று தொலைபேசி கேட்டது. அவசரத்தில் விரல் இரண்டாவதில் பட்டது. கவிதை மறைந்தது. ஆனால் அதற்குக் கீழே பாராட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. என் கணவரிடம் ஓடினேன். அவர் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"இப்ப இந்த ஊரில அதை வாசிக்க ஏலாத ஆள் நீ மட்டுந்தான்."

மதிலுக்கு அப்பால்

ஒரு பெண்ணின் வாழ்வு என் மூன்று வரிகளால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் நண்பகல் ளுஹர் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதேன் என்பதே மறந்துபோயிற்று. மறைப்பதைவிடச் சொல்வதே முறையென்று ஹாஜராவிடம் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஸுஹா. நடந்ததை ஒழுங்காக, தொடக்கம் முதல் சொன்னேன். ஸுஹா எழுந்து உள்ளே போய்விட்டாள். கத்தியைக் கீழே வைக்காமலே ஹாஜரா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாப்புள்ள ஊட்டார் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாறாங்களாம் ராத்தா. என்னத்துக்கெண்டு இப்பதான் விளங்குது."

பார்வையிடல்

வந்தார்கள். ஹாஜரா என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தண்டனையாகவே அதை ஏற்றேன். வாளி ஒளிக்கப்பட்டிருந்தது. ஆனால் நிலத்தில் சொட்டும் ஓசையை யாரால் ஒளிக்க முடியும்? மாப்பிள்ளையின் உம்மா தன் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நஸீர் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தட்டுப் போட்டவனுக்கு வேலை தெரியாது. குமர்ப்புள்ளைக்குக் கட்டுற ஊட்டுக்கு இப்பிடி ஒருத்தனைப் புடிக்கிறதா? ஆருகா இந்த மேசன்?" என்று அதட்டினார்.

அதுவரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஹாஜரா தலையை உயர்த்தினாள்.

"நீங்க அனுப்பி வெச்ச ஆள்தான் நஸீர் காக்கா."

பின்னர் உறுதியானவை

கலியாணப் பேச்சு நிற்கவில்லை; மாப்பிள்ளையின் உம்மாவே தன் தம்பி நஸீர் மாஸ்டரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஸுஹாவைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார். மழை விட்ட பிறகு அதே மேசன் வந்து தட்டை மறுபடி பூசினார். ஒரு மூலை இன்னும் கசிகிறது. நிகாஹ் நடந்தது, எனக்கும் அழைப்பு வந்தது, ஆனால் அதைத் தர ஹாஜரா நேரில் வரவில்லை, ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். நஸீர் மாஸ்டர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அந்த வீட்டில் முதன்முதலாகத் திரைச்சீலை போடப்பட்ட யன்னல், என் யன்னலுக்கு நேரே இருப்பது.

இப்போது நான் கடலைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன், அதுவும் எவருடைய தோணியும் கண்ணில் படாத நேரம் பார்த்து.