அம்மா காட்டிய ஏழு விரல்

நான் இருக்கும் ஒட்டாவா நகரத்தில் பனிக்காலம் வந்துவிட்டால் பட்டப்பகலிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கார் ஷெட்டுக்குள் போகும், கதவு இறங்கும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாடி, ஒரு ஈ காக்கா காணோம். எல்லாரும் தேர் பாக்கப் போயிட்டாங்களா?" நானும் என் கணவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இங்கே வந்த புதிதில் நாமெல்லோரும் இப்படி எதையாவது கேட்டவர்கள்தானே. மறுநாளும் அம்மா அதையே கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள், முதன்முதலாகக் கேட்கிற அதே ஆச்சரியத்தோடு. பிறகு நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் நினைவாற்றல் சோதனையின்போது என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிள்ளைகள் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம். உள்ளே அம்மாவும் டாக்டரம்மாவும் மட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் போனில் பேசினார். முடிந்ததும் டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் அம்மாவுக்குக் கணவர் பெயர் நினைவில்லை. கேட்டால் ஏழு விரலைக் காட்டுகிறார், பிறகு ஜன்னல் பக்கம் கையை நீட்டுகிறார். அவருக்கு ஏழு பிள்ளைகளா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. என் அப்பாவின் பெயர் ஏழுமலை. எங்கள் ஊர் சின்னசேலத்துக்குப் பக்கம். மரவள்ளிக் கொல்லையில் நின்றால் வடக்கே கல்வராயன் மலை தெரியும். அம்மா தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையானாலும் தாலுகா ஆபீஸானாலும், பெயர் கேட்டால் அம்மா ஏழு விரலை விரித்துவிட்டு மலைப் பக்கம் கையைக் காட்டுவாள். எழுதுகிறவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார். திருப்பதி சாமியைக்கூட "மேல இருக்கற சாமி" என்றுதான் கும்பிடுவாள். இங்கே ஜன்னலுக்கு வெளியே மலைக்கு எங்கே போவது? போனில் இருந்தவர் விரலை எப்படிப் பார்ப்பார்?

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். டாக்டர் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, "சரி, அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து சொற்களில் ஒன்றும் வரவில்லையே" என்றார். அதற்கும் வாதாடினேன். போனில் பேசியவரின் தமிழ் வேறு, அம்மாவின் தமிழ் வேறு என்றேன். அவர் பொறுமையாக, "ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அது எந்த மொழியிலும் கேள்வி கேட்காது" என்றார்.

கையில் ஊசி போட்டு, காத்திருக்க வைத்து, அம்மாவை ஸ்கேன் எந்திரத்தின் வளையத்துக்குள் அனுப்பினார்கள். "எனக்கு இன்னாடி நோவு? நல்லாத்தான இருக்கறேன்" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒரு வாரம் கழித்துத் திரையில் மூளையைக் காட்டினார்கள். மறதி நோயின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதம் பரவலாகப் படிந்திருந்தது. மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே சத்தமில்லாமல் படியத் தொடங்கிவிடுமாம். ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவே இல்லை. நான் விமானம் ஏறிய அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாளே, அப்போதே படிய ஆரம்பித்திருக்குமா? போனில் "சாப்ட்டியா" என்று அவள் இரண்டு தரம் கேட்டபோதெல்லாம் நான் பாசம் என்றுதானே நினைத்தேன்.

இனி அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது? இங்கே வைத்தால், நாங்கள் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள் ஒற்றையாக இருப்பாள். அனுப்பினால், அப்பா கொல்லைக்குப் போய்விடுவார். வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. எந்தப் பக்கம் யோசித்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "டாக்டரு இன்னா சொன்னாங்கம்மா?" என்று அவர் கேட்டபோது, "சத்து கம்மியாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ராத்திரி வீடியோவில் அப்பா வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்து, கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். அம்மா திரையைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏழுமல, மோட்டார நிறுத்திட்டியா?"

நான் சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா வெட்கத்தோடு சிரித்தார். "பாரும்மா, வெளிநாடு போயி உங்கம்மா வெள்ளக்காரி மாதிரி பேர் சொல்லக் கத்துக்கினா. கட்டிக்கினு வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் எம்பேர அவ வாயால கேக்கறேன். இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

என் முகம் தெரியாதபடி போனை அம்மா பக்கம் திருப்பிப் பிடித்தேன். "சொல்லும்மா" என்றேன். அவள் சொன்னாள். அப்பா மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னாள். அவர் அங்கே காலை வெயிலில் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் இங்கே இருட்டில், போனுக்குப் பின்னால், சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.